மேட்டு ஊரும் அதன் தண்ணீரும்

பெங்களூர் சிட்டி ரயில் நிலையத்தின் வாசலில் நின்றால் எதிரே மெஜஸ்டிக் பேருந்து நிலையம் தெரியும். சேலத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து இறங்கும் தமிழர்களுக்கு அந்நகரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வரிசை வரிசையாகப் பேருந்துகள் நிற்கும் அந்தப் பரப்பு ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. 1537இல் ஊரை எழுப்பிய கெம்பேகௌடர் காலத்து ஏரி என்று சொல்வார்கள். இன்று அங்கே நீரின் தடயம் ஏதுமில்லை. அருகில் ஓடும் சாலைக்கு மட்டும் இன்னமும் டேங்க் பண்ட் ரோடு என்று பெயர்.

அந்தப் பேருந்து நிலையத்திலிருந்து தண்ணீரின் வழியைப் பிடித்துக்கொண்டு கிழக்கே இறங்கிப் பார்ப்பது என்று கிளம்பினேன். பருவநிலை மாற்றம் பற்றி எழுதப் பனிமலைக்கும் துருவத்துக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஒரே நகரம் மூன்று ஆண்டுகளுக்குள் வெள்ளத்தில் மூழ்கவும் செய்தது, குடிநீருக்குத் தவிக்கவும் செய்தது. அந்த நகரத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். அந்த நகரத்தின் கழிவு நம் ஆற்றில் இறங்குகிறது. இதைவிட நெருக்கமான பாடம் வேறெங்கே கிடைக்கும்?

பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். பெரிய ஆறு எதுவும் அதைத் தொட்டுக்கொண்டு ஓடவில்லை. ஊரின் நடுவே ஒரு நிலமுதுகு வடக்கு தெற்காகப் போகிறது. அதன் மேற்கே விழும் மழை விருஷபாவதியிலும் அர்க்காவதியிலும் சேர்ந்து, கனகபுரத்துக்கு அப்பால் காவிரிக்குப் போகிறது. கிழக்கே விழும் மழை ஏரிகளை நிரப்பி, தட்சிண பினாகினியில் இறங்குகிறது. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் அந்த ஆற்றைத்தான் ஓசூருக்கு இந்தப் பக்கம் நாம் தென்பெண்ணை என்கிறோம். இரண்டு பக்கமும் கடைசியில் தமிழ்நாடுதான். பெங்களூரில் பெய்யும் மழைக்கும் ஓடும் சாக்கடைக்கும் மூன்றாவது வழி கிடையாது.

ஆறில்லாத மேட்டில் ஊர் எப்படி உயிர்வாழ்ந்தது என்றால், ஏரிகளால். சரிவில் ஒரு கரை எழுப்பி மழையைப் பிடிப்பார்கள். அது நிரம்பினால் கோடி வழியாக வழிந்து கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். நாம் கலங்கல் என்பதை அங்கே கோடி என்கிறார்கள். ஏரியையும் ஏரியையும் இணைக்கும் பெரிய கால்வாய்க்கு ராஜகாலுவே என்று பெயர். மதகைத் திறந்து வயலுக்கு நீர் விடுகிறவர் நீர்கண்டி. நம் ஊர்களில் நீர்க்கட்டி பார்த்த அதே வேலை. ஒயிட்ஃபீல்டு பக்கத்தில் காடுகோடியில் 1043ஆம் ஆண்டைச் சேர்ந்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பட்டந்தூரில் ஏரி வெட்டி மதகு வைத்ததை அது சொல்கிறது. இன்று அதைச் சுற்றிக் கண்ணாடிக் கட்டடங்கள். அவற்றுக்குள் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் தமிழ் இளைஞர்களில் எத்தனை பேருக்கு, ஆயிரம் ஆண்டுக்கு முன் அங்கே ஏரி வெட்டியதைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரியும்?

இந்த ஏரிகள் பஞ்சத்துக்கும் வெள்ளத்துக்கும் ஒரே மருந்தாக இருந்தன. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணம் முழுக்க எனக்கு மீண்டும் மீண்டும் கண்ணில் பட்டது அதுதான். மிதமிஞ்சிப் பெய்தால் அவை வாங்கிக்கொண்டன. பெய்யாமல் போனால், வாங்கி வைத்ததைத் தரைக்கடியிலும் மதகு வழியாகவும் கொடுத்தன. வானிலை முன்பைவிடக் கடுமையாகப் புரளும் காலத்தில் எந்த ஏற்பாடு மிகவும் தேவையோ, அதைத்தான் பெங்களூர் தன் கையாலேயே அழித்தது.

அழித்த பட்டியல் நீளமானது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம். சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானம். கோரமங்கலா ஏரிப் பகுதியில் 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய குடியிருப்பு. இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திராவும் அவருடைய குழுவினரும் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்து, 1970களுக்குப் பின் நகரத்து நீர்ப்பரப்பில் 79 விழுக்காடு போய்விட்டது என்று காட்டினார்கள். இது பேராசையால் மட்டும் நடக்கவில்லை. ஏரி இனி வேண்டாம் என்ற நம்பிக்கையும் சேர்ந்து செய்த வேலை. அந்த நம்பிக்கையைக் கொடுத்தது குழாய்.

1890களில், அர்க்காவதியின் குறுக்கே கட்டிய ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. அது போதாமல் 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம். அதுவும் போதாமல் 1974இல் காவிரி. குழாய் வந்த நாள்முதல் ஊருக்குள் இருந்த ஏரி பராமரிப்புச் செலவாகவும் கொசுத் தொல்லையாகவும் காலி மனையாகவும் தெரியத் தொடங்கியது. அர்க்காவதியின் இரண்டு நீர்த்தேக்கங்களும் நீர்வரத்து குறைந்து மெலிந்துபோயின. மிஞ்சியது காவிரி ஒன்றுதான்.

அந்தக் காவிரி எப்படி வருகிறது என்பதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரத்துக்கு, இடையிடையே நிலையங்கள் வைத்து மோட்டார்களால் ஏற்றுகிறார்கள். இரவு பகல் ஓயாமல் ஏற்ற வேண்டும். பெங்களூர் குடிநீர் வாரியத்தின் செலவில் மின்கட்டணம் பெரும் பங்கு. கர்நாடகத்தின் மின்சாரத்தில் ஒரு பகுதி ராய்ச்சூரிலும் பெல்லாரியிலும் நிலக்கரியை எரித்து வருகிறது. நிலக்கரி எரிந்தால் காற்றில் கரிவளி கூடுகிறது. கரிவளி கூடினால் பூமி சூடாகிறது. பூமி சூடானால் குடகு மலையில் பெய்யும் பருவமழை நம்ப முடியாததாகிறது. குடகில் மழை பொய்த்தால் ஏற்றுவதற்குக் காவிரியில் தண்ணீர் இல்லை. நகரத்தில் ஒரு குழாயைத் திறக்கும்போது இந்தச் சுழற்சி முழுவதும் அதற்குள் இருக்கிறது.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பைச் சொன்னது. தமிழ்நாட்டின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைந்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75இல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் தேவைக்கென்று சொல்லப்பட்டது. அந்த நான்கே முக்கால் நம் டெல்டாவில் எவ்வளவு மனவேதனையை உண்டாக்கியது என்பது நமக்குத் தெரியும். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். பெங்களூர் மாநகரப் பரப்பு ஏறத்தாழ 740 சதுர கிலோமீட்டர். ஆண்டுச் சராசரி மழை 970 மில்லிமீட்டரை ஒட்டி. பெருக்கினால் ஆண்டுக்கு 25 டி.எம்.சி. அந்த நகரத்தின் தலையிலேயே விழுகிறது. முழுவதையும் பிடிக்க முடியாது. ஆவியாகும், மண்ணில் இறங்கும், ஓடும். ஆனால் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்தாலே அந்த நான்கே முக்கால் கிடைத்துவிடும். 30க்கு 40 அடி மனையில் ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்குமேல் மழை விழுகிறது. 2009இல் மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கிச் சட்டத் திருத்தமும் கொண்டுவந்தார்கள். பல வீடுகளில் குழாய் இருக்கிறது, அது போய்ச் சேரும் தொட்டி இல்லை.

2023இல் எல்நினோ வந்து மழை பொய்த்தது. கர்நாடகத்தின் 236 வட்டங்களில் 223 வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அதற்கடுத்த கோடையில் பெங்களூர் பட்டபாட்டை நாடே பார்த்தது. நகரத்தின் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாகத் துணை முதலமைச்சர் டி.கே. சிவகுமார் சொன்னார். தன் வீட்டுக் கிணறும் வற்றியதாகச் சொன்னார். குடிநீரில் கார் கழுவினால், தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2024 மார்ச்சில் வாரியம் உத்தரவு போட்டது. டேங்கர் விலை கட்டுக்கடங்காமல் போனபோது மாவட்ட நிர்வாகம் தலையிட்டு, 12,000 லிட்டர் வண்டிக்கு 5 கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று வரம்பு வைத்தது.

அந்தக் கோடையில் டேங்கர் ஓட்டிய ஒருவரைக் கே.ஆர். புரம் பக்கம் டீக்கடையில் சந்தித்தேன். தர்மபுரி மாவட்டத்துக்காரர். "ராத்திரி ரெண்டு மணிக்குப் போனாலும் கேட்ல ஆளுங்க நிப்பாங்க சார். நான் கொண்டுபோற தண்ணியும் போர்த் தண்ணிதான். ஒரு ஊர்ல உறிஞ்சி இன்னொரு ஊர்ல ஊத்துறோம். உறிஞ்சற ஊர்க்காரங்க எங்களத் திட்டுவாங்க" என்றார். தான் குடியிருக்கும் தகரக் கொட்டகை வரிசைக்குத் தண்ணீர் கொடுக்க எந்த டேங்கரும் வராது என்பதையும் சொன்னார். சந்து குறுகல், வாங்குகிற அளவும் குறைவு. அவருடைய மனைவி குடம் எடுத்துக்கொண்டு அரை மணி நடந்திருக்கிறார்.

அந்த ஏப்ரலில் நகரத்தில் மழையே இல்லை. 41 ஆண்டுகளில் அப்படி ஒரு ஏப்ரல் வந்ததில்லை என்றது வானிலைத் துறை. ஏப்ரல் 28 அன்று வெயில் 38.5 டிகிரி. மின்விசிறி இல்லாமலே தூங்கலாம் என்று ஓய்வுபெற்றவர்கள் குடிவந்த ஊரில்தான் இந்த வெயில். பிறகு ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் கொட்டியது. ஜூன் மாதத்தில் ஒருநாள் மழையில் 133 ஆண்டு சாதனை. மரங்கள் சாய்ந்தன, சுரங்கப் பாதைகள் நிரம்பின. குடம் தூக்கி அலைந்த ஊரில் ஐந்தே வாரத்தில் தண்ணீரை வெளியேற்ற மோட்டார் தேடினார்கள்.

இதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் எளிமையானது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. சூடான காற்று நிலத்திலிருந்து அதிகம் உறிஞ்சுகிறது, கொட்டும்போது அதிகம் கொட்டுகிறது. மழை நாட்கள் குறைந்து, பெய்கிற நாளில் மொத்தமாகப் பெய்வது இதனால்தான். மனிதச் செயலே பூமியைச் சூடாக்கியது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை என்று 2021இல் ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு சொல்லிவிட்டது. 2024, தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிட 1.5 டிகிரிக்குமேல் சூடான முதல் ஆண்டு. 2018இல் கேப் டவுன் குழாய்களை மூடும் நாளை எண்ணிக்கொண்டிருந்தது. 2019இல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. 2022இல் பாகிஸ்தான் வெள்ளத்தில் 1,700 பேருக்குமேல் இறந்தார்கள். 2024 அக்டோபரில் ஸ்பெயினின் வலென்சியாவில் ஓராண்டு மழை சில மணி நேரத்தில் பெய்து 200 பேருக்குமேல் பலிகொண்டது. எல்லா இடத்திலும் மேகம் பாதி வேலையைத்தான் செய்தது. நீர் போகும் வழியில் யார் எதைக் கட்டினார்கள் என்பது மீதியை முடிவு செய்தது.

மெஜஸ்டிக்கிலிருந்து அல்சூர் வந்தேன். தமிழ் மணக்கும் பேட்டை. அல்சூர் ஏரி தப்பித்த ஏரிகளில் ஒன்று. நடுவில் தீவுகள், கரையில் நடைபாதை. அங்கிருந்து சரிவு தெற்கும் கிழக்குமாக இறங்குகிறது. அடுத்து அகரம் ஏரிக்குப் போனேன். அவ்வூரில் 9ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு ஒன்று ஏரிக்கு மதகு அமைத்ததைப் பேசுகிறது. அகரத்துக்குக் கீழே பெல்லந்தூர்.

பெல்லந்தூர் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 900 ஏக்கர். அதன் கரைப் பாலத்தில் நிற்கும்போது, இதைப் போய் எரியவிட்டார்களா என்று மனம் பதறியது. ஆம், நீரின் மேல் தீ. 2015 மே மாதம் ஒரு முறை, 2017 பிப்ரவரியில் ஒரு முறை. 2018 ஜனவரி 19 அன்று பற்றியதை அணைக்க ஆயிரக்கணக்கான ராணுவ வீரர்கள் இறங்க வேண்டியிருந்தது. நுரை அதற்கு முன்பே ஊரறிந்த காட்சி. வீடுகளிலிருந்து வரும் சோப்பு நீரும் சலவைத் தூளும் கழிவோடு கலந்து தேங்கி, கலங்கலில் விழும்போது நுரைத்துப் பொங்கும். காற்றடித்தால் சாலையில் பறந்து வண்டிகள்மேல் படியும். ஆகாயத்தாமரை மூடிய நீரடியில் கழிவு அழுகி மீத்தேன் கிளம்பும். கரையில் குப்பையையும் காய்ந்த புல்லையும் யாராவது கொளுத்தினால் போதும்.

2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பெல்லந்தூர் உள்ளிட்ட ஏரிகளுக்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் ஒதுக்கி வைக்கச் சொன்னது, கண்காணிக்க நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் குழு போட்டது. தூர் வாரும் வேலை அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆனால் அதே தீர்ப்பாயம் 2016இல் ஏரியைச் சுற்றி 75 மீட்டர் காலியாக விட வேண்டும் என்று சொன்னதை 2019இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முதன்மைத் திட்டத்தின் பழைய 30 மீட்டரே போதும் என்றாகிவிட்டது. நீதிமன்றம் சட்டத்தின் வரம்பைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஏரியின் பக்கம் நின்று பார்க்கிற எனக்கு அது இழப்பாகத்தான் படுகிறது.

பெல்லந்தூரைத் தாண்டி அவுட்டர் ரிங் ரோடு. 2022 செப்டம்பர் 4ஆம் தேதி இரவு இங்கே 130 மில்லிமீட்டருக்குமேல் மழை. உலகப் பெயர்பெற்ற நிறுவனங்களின் வாசலில் இடுப்பளவு நீர். கோடிக்கணக்கில் விலைபோன வில்லாக்களிலிருந்து குடும்பங்களை டிராக்டரில் ஏற்றி மீட்டார்கள். அதற்குச் சில நாள் முன் பெய்த மழையிலேயே, ஆகஸ்ட் 30 அன்று ஒரு நாளில் 225 கோடி ரூபாய் நட்டம் என்று அந்தச் சாலையின் நிறுவனங்கள் சங்கம் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியது. ராஜகாலுவேயின் மேல் கட்டியவை யாவை என்று அளக்க அதன் பிறகு அதிகாரிகள் புறப்பட்டார்கள். நீர் ஏற்கெனவே அளந்து காட்டியிருந்தது.

வில்லாக்காரர்களின் படம் உலகமெங்கும் போனது. ஏரிப் பள்ளத்தை ஒட்டி நீலத் தகரம் போட்டுக் குடியிருந்த கட்டடத் தொழிலாளர்களின் படம் அவ்வளவாக வரவில்லை. ஒடிசா, வங்காளம், வட கர்நாடகம், நம் வட மாவட்டங்கள் என்று எங்கிருந்தோ வந்தவர்கள். மழையில் அவர்கள் வீடு முதலில் போகிறது, வறட்சியில் அவர்கள் குடம் முதலில் காய்கிறது. ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு டன் கரிவளிதான் வெளியேற்றுகிறார். ஓர் அமெரிக்கர் பதினான்கு டன்னை ஒட்டி. இந்த அநியாயத்தை நாம் உலக மேடைகளில் எடுத்துச் சொல்வது சரி. அதே அநியாயம் ஒரே சாலையின் இரு பக்கத்திலும் இருக்கிறது என்பதையும் அதே குரலில் சொல்ல வேண்டும். குளிரூட்டிய கூடங்களும் ஆளுக்கொரு காரும் உள்ளவர்களையும் தகரக் கொட்டகையில் இருப்பவர்களையும் சேர்த்துப் போட்டுச் சராசரி எடுத்தால் உண்மை மறைந்துவிடும்.

நல்லதையும் பார்த்தேன். சர்ஜாப்பூர் சாலையில் கைக்கொண்டரஹள்ளி ஏரி சாகும் நிலையில் இருந்ததை, சுற்றிலும் குடியிருந்தவர்கள் மாநகராட்சியோடு மல்லுக்கட்டி மீட்டெடுத்திருக்கிறார்கள். பேராசிரியர் ஹரிணி நாகேந்திரா பெங்களூரின் மரங்களையும் ஏரிகளையும் பற்றி எழுதிய நூல் அங்கே பலர் வீட்டில் இருக்கிறது. வடக்கே ஜக்கூர் ஏரியில் இன்னும் பெரிய பாடம். கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்தம் செய்து, பிறகு நாணலும் கோரையும் வளர்ந்த சதுப்பு வழியாக மெல்ல நகர்த்தி, அதன் பின்னர் ஏரியில் விடுகிறார்கள். ஏரி நிறைந்திருப்பதால் சுற்றுவட்டக் கிணறுகளில் நீர் மேலேறி நிற்கிறது. மீன் பிடிக்கிறார்கள். கூழைக்கடா வருகிறது. சாக்கடையும் ஒரு நீர்வளம்தான், ஒழுங்காகக் கையாண்டால். தண்ணீர் நிபுணர் எஸ். விஸ்வநாத்தும் அவருடைய பயோம் அமைப்பும் நகரத்தில் பத்து லட்சம் திறந்த கிணறுகள் வெட்ட வேண்டும் என்று ஓர் இயக்கமே நடத்துகிறார்கள். கிணறு வெட்டுகிற மண்ணு ஒட்டர் சமூகத்தார், ஆழ்துளை இயந்திரம் வந்ததும் வேலையிழந்து நின்றவர்கள், இன்று அடுக்ககங்களின் வளாகத்தில் மழைநீர் இறங்கும் கிணறுகள் தோண்டுகிறார்கள். இருபது முப்பதடியில் எங்கே மண் நீர் குடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பொறியாளர்கள் அவர்களிடம் கேட்டுக் கற்கும் நிலை வந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

பெல்லந்தூரின் பள்ளத்தாக்கிலிருந்து இன்னொரு பெரிய திட்டம் 2018இல் தொடங்கியது. சுத்திகரித்த கழிவுநீரை, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்ற இலக்கில், வறண்ட கோலார் மாவட்டத்தின் ஏரிகளுக்கு ஏற்றுவது. கோலாரில் பல காலமாகக் காய்ந்து கிடந்த ஏரிகள் நிரம்பின, கிணறுகள் ஊறின. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு நிறுத்திவிடுகிறார்கள், மூன்றாம் நிலையும் செய்யாமல் நிலத்தடி நீருக்குள் விடலாமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. கேட்டவர்கள் கேட்டது நியாயம். தாகத்தில் இருப்பவன் எதையும் வாங்கிக்கொள்வான் என்று நினைத்து எதையும் கொடுத்துவிடக் கூடாது.

பெல்லந்தூரின் வழிவு வர்த்தூர் ஏரிக்குப் போகிறது. வர்த்தூர் நிரம்பினால் தட்சிண பினாகினி. நான் வண்டியைத் தெற்கே திருப்பி, சர்ஜாப்பூர் வழியாக எல்லை கடந்து ஓசூர் பக்கம் வந்தேன். ஆறு கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து கெலவரப்பள்ளி அணை அதிகத் தொலைவில்லை.

மழைக்காலம். நந்திமங்கலம் பக்கத்துத் தரைப்பாலத்தில் ஆற்றைப் பார்க்கவே முடியவில்லை. பாலத்தை மூடி, ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை. நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை வேறு வழியாகச் சுற்றி அழைத்துப் போகிறார்கள். பெங்களூரில் மழை பெய்தால் இங்கே இப்படி ஆகும் என்று ஊரார் சொன்னார்கள். மழையைச் சாக்காக வைத்துத் தேக்கிய கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

ஆற்றை ஒட்டி ரோஜாவும் கீரையும் தக்காளியும் போட்டிருந்த ஒரு பெரியவரிடம் பேசினேன். கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற ஓசூர்ப் பேச்சு. "இந்தத் தண்ணி வருஷம் பூரா வருதுங்க. மழை இல்லாத வருஷமும் வரும். அதனால வேணாம்னும் சொல்ல முடியல. கால வெச்சா அரிக்குது. மாடு குடிக்க மாட்டேங்குது" என்றார். "இந்தக் கீரையெல்லாம் எங்க போகுதுங்கய்யா?" என்று கேட்டேன். "வேற எங்க, பெங்களூர் மார்க்கெட்டுக்குத்தான்" என்றார்.

அணைக்கரையில் நின்று அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வருஷம் பூரா ஓடும் அந்தத் தண்ணீர் தென்பெண்ணையின் தண்ணீர் மட்டுமல்ல. அதில் பெரும் பகுதி காவிரியில் எடுத்து, மின்சாரம் செலவழித்து மேட்டில் ஏற்றி, கிழக்குப் பெங்களூர் வீடுகளில் குளித்து, துவைத்து, கழுவி, இந்தப் பக்கம் இறக்கிவிட்டது. மேட்டூருக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு, யாரும் திட்டமிடாமலே, கழிவாக மாறிக் கிருஷ்ணகிரிக்கு வந்துகொண்டிருக்கிறது. 2024 அக்டோபர் 16 அன்று காவிரி ஐந்தாம் கட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். நாளொன்றுக்குக் கூடுதலாக 77.5 கோடி லிட்டர். மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களுக்கு அது அவசியம், அவர்கள் 2007 முதல் காத்திருந்தவர்கள். ஆனால் உள்ளே வரும் அளவு கூடினால் வெளியே போகும் அளவும் கூடும். அதைச் சுத்தம் செய்யும் ஏற்பாடும் அதே வேகத்தில் வளர்கிறதா என்பதைக் கர்நாடகத்தை நாம் கேட்க வேண்டும். ஓசூரின் ஆலைகளும் நகரமும் ஆற்றில் என்ன விடுகின்றன என்பதை நம்மையும் நாம் கேட்க வேண்டும்.

கெலவரப்பள்ளிக்குக் கீழே கிருஷ்ணகிரி அணை, அதன் கீழே சாத்தனூர், கடைசியில் கடலூர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றது. மயிலத்தில் 51 சென்டிமீட்டர். கடலிலிருந்து அவ்வளவு உள்ளே இருக்கிற ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். ஊத்தங்கரை மக்கள் புயலைச் செய்தியில் மட்டுமே பார்த்துப் பழகியவர்கள். நிறுத்தியிருந்த வாகனங்கள் வெள்ளத்தில் மிதந்துபோனதை அங்கே பார்த்தவர்கள் இன்னமும் அதிர்ச்சியோடுதான் பேசுகிறார்கள். திருவண்ணாமலையில் மலைச்சரிவில் 7 பேர் இறந்தார்கள். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். விழுப்புரம், கடலூர் மாவட்டக் கரையோர ஊர்கள் மூழ்கின. அந்த ஆற்றில் வந்தது மழைநீர்தான். ஆனால் ஆண்டெல்லாம் படிந்த கழிவின் சேறும் ஆக்கிரமிப்பால் ஒடுங்கிய கரைகளும் சேர்ந்தே அதைச் சுமந்தன.

இதை வாசிக்கிற பலருக்குப் பெங்களூரில் மகனோ மகளோ இருக்கலாம், அங்கே வீடு வாங்கும் பேச்சும் நடந்துகொண்டிருக்கலாம். அவர்களிடம் சொல்ல எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. பத்திரத்தைப் பார்க்கும் முன் அந்த இடத்தின் பழைய கிராம வரைபடத்தை வாங்கி, அங்கே ஏரியோ ராஜகாலுவேயோ இருந்ததா என்று பாருங்கள். இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெரிய அடுக்ககங்கள் கழிவுநீரைத் தாங்களே சுத்திகரிக்க வேண்டும் என்பது விதி. அந்த நிலையம் உண்மையில் ஓடுகிறதா, மின்செலவை மிச்சம்பிடிக்க இரவில் நிறுத்திவிடுகிறார்களா என்று குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். மனையில் விழும் ஒரு லட்சம் லிட்டர் எங்கே போகிறது என்று கேளுங்கள். பதில் கிடைக்கும் வரை கேளுங்கள். நீங்கள் அங்கே மூடும் ஒவ்வொரு கழிவுக் குழாய்க்கும் கெலவரப்பள்ளியில் ஒரு விவசாயி உங்களுக்குக் கடன்பட்டிருப்பார். திறந்துவிடும் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள்.